லைன் கிளியர் கேட்கும் கைபேசி

சென்ற வாரத் தபாலில் மறைமலை நகரிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்திருக்கிறது. கடிதம் சுருக்கமானது, அதில் அடங்கிய விசாரமோ பெரியது. அவருடைய மாமியார் தை மாதத்தில் காலமானார். அந்த அம்மாள் பேத்திக்குக் கதை சொன்னதும், கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து பாடியதும், கண்ணாடியைத் தேடிக்கொண்டு வீடெல்லாம் அலைந்ததும் ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில் படங்களாக இருக்கின்றன. வேறெங்கும் பிரதி கிடையாது. கம்ப்யூட்டரில் எடுத்து வைக்கலாமென்று கேபிளைச் செருகினால் கைபேசிக்குச் சார்ஜ் மட்டும் ஏறுகிறதாம். கம்ப்யூட்டர் அப்படியொரு விருந்தாளி வந்திருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லையாம். ஒரு கடையில் காட்டியதற்கு, "ரீஸெட் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யோசனை கூறியிருக்கிறார்கள். செய்யலாமா என்பது கேள்வி.

வேண்டாம், சகோதரி! எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும். ரீஸெட் செய்தால் கைபேசி புத்தம் புதிதாய்த் திரும்பி வரும் என்பது வாஸ்தவம். மாமியாரின் படங்கள் திரும்பி வரமாட்டா. இக்காலத்துக் கைபேசிகள் தம்மிடமுள்ள யாவற்றையும் ரகசியக் குறியீட்டில் மாற்றிப் பூட்டி வைத்திருக்கின்றன. ஆண்ட்ராய்டின் 10-வது பதிப்புடன் வெளிவந்த புதிய கைபேசிகளுக்கெல்லாம் இது கட்டாயமாயிற்று. அதற்கு முந்தியவற்றிலும் பல இவ்விதமே பூட்டப்பட்டவை. ரீஸெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவி அழிந்துபோகிறது. பிறகு எந்த மேதாவி வந்து குடைந்தாலும் கிடைப்பது பொருளற்ற எண் குப்பைதான். ஆகையால் மற்ற உபாயங்கள் அனைத்தும் தீரும் வரையில் அந்த வார்த்தையை வீட்டில் ஒருவரும் உச்சரிக்கலாகாது. அந்த உபாயங்கள் பெரும்பாலும் தம்பிடிச் செலவில்லாதவை.

இக்கடிதம் மறைமலை நகரிலிருந்து வந்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டினால் அடுத்தது பரனூர். பரனூரை ஒட்டிய மஹீந்திரா உலக நகரில் 2022-ம் வருஷம் முதல் ஐபோன்கள் செய்யப்பட்டு வருகின்றன. தைவான் தேசத்துப் பெகட்ரான் கம்பெனி தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் 60 சதவிகிதப் பங்கை 2025-ல் நம் நாட்டு டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கிக்கொண்டது. மேற்கே ஒரகடம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம். நோக்கியா தொழிற்சாலை 2006-ல் அங்கே தோன்றி, கோடிக்கணக்கில் கைபேசிகளைச் செய்து தள்ளி, 2014-ல் ஓய்ந்தது. இன்று அதே வட்டாரத்தில் பாக்ஸ்கான் கம்பெனியார் ஆயிரக்கணக்கான பெண்களை வேலைக்கு வைத்து ஐபோன்கள் செய்கிறார்கள். உலகத்தின் சட்டைப் பைகளில் போய் உட்காரும் சாதனங்கள் இப்படி நம் செங்கற்பட்டுச் சீமையைச் சுற்றி உருவாகின்றன. ஆயினும், அவற்றில் ஒன்று நம் வீட்டு மேஜைமேல் மௌனம் சாதித்தால் ஏனென்று கேட்க நமக்குத் தெரிவதில்லை. கடைக்காரர் சொன்னதே வேதவாக்காகிவிடுகிறது. சாமானைப் பூட்டி முடுக்குகிற வேலை மட்டும் நம்முடையதாயிருந்து, அதன் குணதோஷம் அறிகிற வேலை பிறருடையதாயிருப்பது எந்த வகைச் சுதேசியத்தில் சேர்த்தி என்பது நமக்கு விளங்கவில்லை.

இத்தனைக்கும், அந்தக் கேபிளுக்குப் பிதாக்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்தவர். பரோடா சர்வகலாசாலையில் படித்து, அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியில் சேர்ந்த அஜய் பட் என்னும் எஞ்சினீயர் அவர். அக்காலத்தில் கம்ப்யூட்டரின் முதுகுப்புறம் நம்மூர்ச் சந்தையைப் போலிருந்தது: அச்சு யந்திரத்துக்கு ஒரு துவாரம், மௌஸுக்கு ஒன்று, விசைப்பலகைக்கு வேறொன்று, ஒன்றில் செருகுவது மற்றொன்றில் நுழையாது. வீட்டிலுள்ள பெண்டு பிள்ளைகள் யாரும் சாஸ்திரம் படிக்காமலே செருகிப் பயன்படுத்தக்கூடிய ஒரே துவாரம் வேண்டுமென்று அவரும் சகாக்களும் பாடுபட்டதன் பலன், 1996 ஜனவரியில் ஏழு கம்பெனிகளின் கூட்டு முயற்சியாக வெளிவந்த யு.எஸ்.பி. என்னும் ஏற்பாடு. 2013-ல் ஐரோப்பிய நாடுகள் தமக்கு வெளியே உள்ள கண்டுபிடிப்பாளருக்கான பரிசை அவருக்கு அளித்தன. நமது தர நிர்ணய ஸ்தாபனமும் 2023-ல் இந்த வம்சத்தின் இளைய பிள்ளையான "ஸி" வகைத் துவாரத்துக்கு இந்தியத் தரம் வகுத்து வெளியிட்டது.

அந்தக் கேபிளுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் பாதி வியாதி தீர்ந்தது.

பழைய, சாதாரணக் கேபிளை அறுத்துப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் மின்சாரம் கொண்டு வருபவை, 5 வோல்ட். பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு உரியவை. சார்ஜ் ஏறுவதற்கு முதல் ஜோடி போதும். கம்ப்யூட்டர் நம் கைபேசியை அறிந்துகொள்ள இரண்டாவது ஜோடி வேண்டும். ஆகவே "சார்ஜ் ஏறுகிறது, ஆனால் தெரியவில்லை" என்று சகோதரி எழுதியதில் முரண்பாடு ஒன்றுமில்லை. தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தலைக்கு மேலே கம்பியில் மின்சாரம் எவ்வளவுதான் பாய்ந்தாலும் கைகாட்டி இறங்காமல் வண்டி நகருமா? ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டு "லைன் கிளியர்" கேட்டு, அவர் சம்மதம் தந்த பிறகுதான் வண்டியை விடுவார். யு.எஸ்.பி. கேபிளிலும் அச்சாக அதுவே நடக்கிறது.

கைபேசியைச் செருகியதும் அது பேச்சுக் கம்பிகளில் ஒன்றை லேசாக மேலே இழுத்து வைக்கிறது. "வாசலில் ஆள் வந்திருக்கிறது" என்பதற்கு அதுதான் சமிக்ஞை. உடனே கம்ப்யூட்டர் விசாரணையை ஆரம்பிக்கிறது. வந்தவருக்கு முதலில் எண் கிடையாது, எல்லாரும் பூஜ்யம்தான். பிறகு 1 முதல் 127 வரையில் ஓர் எண்ணைக் கொடுத்து, "நீர் எந்தக் கம்பெனி? என்ன சாமான்? என்ன வேலை செய்வீர்?" என்று வரிசையாகக் கேட்கிறது. கைபேசி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறது. இவ்வளவும் நாம் கண் இமைப்பதற்குள் முடிந்து, 'டிங்' என்று ஒரு மணி அடிக்கிறது.

பெயர் கேட்பது பற்றிய இடத்தில் ஒரு வார்த்தை. மறைமலை நகருக்குப் பெயர் தந்த அடிகளார், தாம் பெற்ற வேதாசலம் என்ற பெயரையே தமிழாக்கி மறைமலை என்று வைத்துக்கொண்டவர். 1916-ல் தனித்தமிழ் இயக்கம் கண்டவர். அவர் பெயர் கொண்ட ஊருக்குப் பதில் எழுதும்போது கேபிள், கம்ப்யூட்டர், சார்ஜ் என்று அடுக்கிக்கொண்டு போகிறேனே என்று எனக்கே கை கூசுகிறது. ஆனால் கடைக்குப் போய் அந்த சகோதரி கேட்க வேண்டிய சொல் எதுவோ, அதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அடிகளார் க்ஷமிப்பாராக. (அந்த வடசொல்லுக்காகவும்.)

இனி சிகிச்சைக்கு வருவோம். தர்க்க சாஸ்திரிகள் அன்வயம், வ்யதிரேகம் என்று இரண்டு சொல்வார்கள். அது இருக்கும்போது இது இருக்கிறது. அது இல்லாதபோது இது இல்லை. ஆகவே அதுவே காரணம் என்பது வாதம். கைபேசி விவகாரத்துக்கு இதைவிடச் சிறந்த வழி எந்தத் தேசத்திலும் கிடையாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிளையும் கம்ப்யூட்டரையும் ஒரே மூச்சில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்பது தெரியாது.

முதலில் மணி ஓசையைக் கவனியுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரானால் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு செருகவும். மணியே அடிக்கவில்லையென்றால் பேச்சு ஆரம்பிக்கவே இல்லை. குற்றம் பெரும்பாலும் கேபிளிலோ துவாரத்திலோ இருக்கும். மணி அடித்து, கைபேசியின் பெயரும் தென்பட்டு, உள்ளே திறந்தால் காலியாயிருக்கிறதென்றால் கம்பி நன்றாயிருக்கிறது, அனுமதிதான் கிடைக்கவில்லை. "அறியப்படாத சாதனம்" என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு வந்தால் கேள்வி போயிருக்கிறது, பதில் குழறியிருக்கிறது. கேபிள் நைந்திருக்கும், அல்லது துவாரத்தில் அழுக்கு சேர்ந்திருக்கும். இந்த மூன்றையும் பகுத்துக்கொண்டவர் கடைக்காரரைவிட ஒரு படி மேலே போய்விட்டார்.

கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குற்றவாளி அநேகமாக அதுவே. மின்சார ரயிலில் கூவி விற்கப்படும் மலிவான கேபிள்களில் சிலவற்றிலும், விளக்கு, விசிறி, சவர யந்திரம் முதலியவற்றுடன் இனாமாக வருபவை பலவற்றிலும் பச்சையும் வெள்ளையும் இராது. மின்சாரக் கம்பிகள் இரண்டு மட்டுமே இருக்கும். வெளித்தோற்றத்தில் யாதொரு வித்தியாசமும் தெரியாது. அதைக் கொண்டு நாள் முழுவதும் முயன்றாலும் ஊமையைப் பாடச் சொன்ன கதைதான். கைபேசியுடன் பெட்டியில் வந்த கேபிள் அலமாரியில் எங்காவது இருந்தால் அதைத் தேடி எடுங்கள். இல்லாவிட்டால், வேறொரு கைபேசியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் அனுப்புவதை உங்கள் கண்ணால் பார்த்த கேபிளை அடுத்த வீட்டில் இரவல் வாங்குங்கள். புதிதாக வாங்குவதானால், சார்ஜுக்கு மட்டுமா, 'டேட்டா'வுக்கும் ஆகுமா என்று கேட்டே வாங்க வேண்டும்.

ஊமைக் கேபிளைக் கண்டுபிடித்ததும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் பொதுவாக வைத்திருக்கும் சார்ஜ் துவாரங்கள் வழியாக அந்தரங்கத் தகவல்களைத் திருடக்கூடுமென்று ரிஸர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட கைப்புத்தகத்திலேயே எச்சரித்திருக்கிறது. பேசத் தெரியாத கேபிள் வீட்டு ரகசியத்தை எப்படி வெளியே சொல்லும்? பிரயாணத்துக்கு அதுவே உத்தமம்.

அடுத்தது துவாரம். சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடந்து கிடந்து கைபேசியின் துவாரத்தில் நூல் பிசிறும் தூசியும் அடிப்பக்கத்தில் மெத்தையாக அமுங்கியிருக்கும். கேபிள் உள்ளே போனதுபோல் தோன்றும், முழுவதும் போயிராது. மின்சாரம் எப்படியோ தாண்டிவிடும், பேச்சு தாண்டாது. கைபேசியை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம். ஊக்கு, ஹேர்ப்பின் முதலிய உலோக ஆயுதங்கள் கூடவே கூடா. வாயால் ஊதுவதும் வேண்டாம். ஏற்கெனவே நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் போதும்.

"ஸி" வகைத் துவாரமாயிருந்தால் இன்னொரு தந்திரம் உண்டு, பலருக்குத் தெரியாது. அந்தத் துவாரத்துக்குள் 24 தொடுமுனைகள் இரு வரிசையாக இருக்கின்றன. எந்தப் பக்கமாகச் செருகினாலும் நுழையும் என்பது அதன் பெருமை. ஆனால் படங்களைக் கொண்டுபோகிற பேச்சு முனைகள் துவாரத்தில் இரண்டு பக்கமும் இருக்க, கேபிளின் தலையில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கின்றன. ஒரு பக்கம் தேய்ந்தோ அழுக்கடைந்தோ போயிருந்தால், கேபிளைப் பிடுங்கித் தலைகீழாகப் புரட்டிச் செருகியதும் மறு பக்கம் வேலை செய்துவிடக்கூடும். ஒரு தம்பிடி செலவில்லாத வைத்தியம் அல்லவா?

கம்ப்யூட்டர் பக்கத்திலும் துவாரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். மேஜைக் கம்ப்யூட்டரானால் முன்புறத் துவாரத்தை விட்டுப் பின்புறத்தில் செருகுவது நலம். நடுவில் பல துவாரங்கள் கொண்ட கிளைப்பெட்டி ஏதாவது இருந்தால் அதை விலக்கிவிட்டு நேரே செருக வேண்டும். இவ்வளவும் செய்து மணி ஓசை கேட்டாயிற்றென்றால் கம்பிக் காண்டம் முடிந்தது.

இனி அனுமதிக் காண்டம். இங்கேதான் நல்ல கைபேசிகள் பல அநியாயமாகப் பழி சுமக்கின்றன. ஆதியில் கைபேசியைச் செருகியவுடன் அதன் கிடங்கு முழுவதும் கம்ப்யூட்டரின் வசமாகிவிடும். வாசகர்களே அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொள்ளும் நூல் நிலையத்தைப் போல. இப்போது அப்படியல்ல. குமாஸ்தா ஒருவர் குறுக்கே உட்கார்ந்து, சீட்டு எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் தருகிறார். 2015-ல் வந்த ஆறாவது ஆண்ட்ராய்டு பதிப்பிலிருந்து, கேட்டாலொழிய அவர் அலமாரியைக் காட்டுவதே இல்லை. செருகியதும் கைபேசி "சார்ஜ் மட்டும்" என்ற விரதத்தை மேற்கொள்கிறது. ஆகவே கைபேசியின் பூட்டைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுத்தால், யு.எஸ்.பி. பற்றிய ஓர் அறிவிப்பு சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதைத் தொட்டு "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான் லைன் கிளியர்! எத்தனையோ வீடுகளில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் யோசனை வரையில் போன வியாதி இந்த ஒரு விரல் தொடுகையில் தீர்ந்திருக்கும்.

ஐபோனோ இன்னும் சங்கோசி. "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?" என்று 2013 முதல் வாய்விட்டே கேட்கிறது, நம்பலாமென்று சொல்லி ரகசிய எண்ணையும் கொடுத்தால்தான் வழிவிடும். 2018 முதல், பூட்டி ஒரு மணி நேரத்துக்கு மேலானால் பேச்சுக் கம்பியையே காது கொடுத்துக் கேளாமலிருக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் கோளாறு என்று சொல்வது, இரவில் வாயிற் கதவைத் தாளிட்ட மனைவியைக் குறை சொல்வதற்கு ஒப்பாகும்.

கம்ப்யூட்டர் தரப்பில் மிச்சமிருப்பது சொற்பம். விண்டோஸில் ஒவ்வொரு சாதனத்துடனும் பேசத் தெரிந்த ஒரு நிரல் உண்டு. டிரைவர் என்று பெயர். சாரதி தூங்கிவிட்டால் ரதம் நிற்கும். "டிவைஸ் மேனேஜர்" என்னும் ஜாபிதாவில் மஞ்சள் குறியுடன் கைபேசி தென்பட்டால், அந்த வரியை நீக்கிவிட்டு, கேபிளைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை மறுபடி துவக்கிச் செருகினால் சாரதி விழித்துக்கொள்வார். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அது ஆண்ட்ராய்டின் பாஷையைத் தானாகப் பேசாது, தனி நிரல் வேண்டும். அதற்காகக் கைபேசியைக் கோபித்துக் கொள்ளாதீர்கள்.

கேபிள் எதற்கு, ஆகாச மார்க்கமாகவே அனுப்பிவிடலாமே என்பார் உண்டு. அனுப்பலாம். ஆனால் கூகிள் கம்பெனி இனாமாகத் தரும் இடம் 15 ஜிபி. 2021 ஜூன் முதல் படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. அது நிரம்பியதும் மாதா மாதம் வாடகை. மாமியார் பாடியதைக் கேட்க அந்நிய தேசத்துக் கம்பெனிக்கு வாழ்நாள் முழுவதும் குடிக்கூலி கொடுப்பானேன்? மறைமலையடிகள் தாம் சேர்த்த நூல்களைப் பல்லாவரத்து வீட்டில் கண்போல் காத்துவந்ததனால்தான் அவருக்குப் பிற்பாடு அவை சென்னையில் அவர் பெயரால் ஒரு பொது நூல் நிலையமாக முடிந்தது. வீட்டில் ஒரு பிரதி, வெளியில் ஒரு பிரதி என்றிருந்தால் மிகவும் விசேஷம்.

சகோதரிக்கு லைன் கிளியர் கிடைத்ததும் கவனிக்க வேண்டியவை சில. படங்கள் "டி.ஸி.ஐ.எம்." என்று பெயரிட்ட அறையில் இருக்கும், வாட்ஸ்ஆப்பில் வந்தவை வேறோர் அறையில் இருக்கும், அதையும் தேடிப் பார்க்க வேண்டும். ஆயிரம் படங்களை ஒரே வாரியாக அள்ளாதீர்கள். மேற்படி குமாஸ்தா திணறி நடுவிலே வேலையை நிறுத்திவிடுவார். ஐம்பது, நூறாக எடுப்பது நலம். முக்கியமாக, "வெட்டி" எடுக்காமல் "பிரதி" எடுங்கள். வெட்டுகிற சமயத்தில் கேபிள் நழுவினால் அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்றாகிவிடும். பிரதியெடுத்த சலனப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்த பிறகே கைபேசியில் கை வைக்க வேண்டும்.

ஒருகால் திரை தெரிந்தும் தொடுகை வேலை செய்யாததால் பூட்டைத் திறக்க முடியவில்லையென்றாலும் கலங்க வேண்டாம். கைபேசியின் துவாரத்தில் பொருந்தும் ஓ.டி.ஜி. என்னும் சிறு இணைப்பை வாங்கி, அதில் சாதாரண மௌஸைச் செருகினால் பல கைபேசிகளில் திரைமேல் அம்புக்குறி ஒன்று வந்து நிற்கும். அதைக் கொண்டு ரகசிய எண்ணை அழுத்திவிடலாம். திரையே இருண்டுவிட்டால் கடைக்குத்தான் போக வேண்டும். அப்போது, "திரையை மட்டும் மாற்றித் தாருங்கள், உள்ளே இருப்பதைத் தொடாதீர்கள்" என்று கடைக்காரர் ரசீதில் எழுதிக்கொடுத்த பிறகு கைபேசியை அவரிடம் ஒப்படையுங்கள்.